சாய்வுக்கு ஒரு சேம்பர்

பழைய லாரி என்ஜினின் அடியிலிருந்து கழற்றிய ஆயில் சேம்பர் பட்டறை வாசலில் மல்லாந்து கிடக்கிறது. நீளம் மூன்றடி, அகலம் பத்து அங்குலம். பின்முனையில் நாலு அங்குலம்தான் ஆழம். அங்கிருந்து தகடு மெல்லச் சரிந்து முன்முனையில் ஏழு அங்குலத்துக்கு இறங்குகிறது. மேலிருந்து சொட்டும் எண்ணெய் தானாக வழிந்து முன்பக்கம் சேரும். அங்கே நிற்கும் உறிஞ்சு குழாய் அதை இழுத்து மறுபடி மேலே அனுப்பும். லாரிக்காகச் செய்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

மேஸ்திரி ஒரு மரக்கட்டையைத் தேடி எடுத்து முன்முனைக்கு அடியில் கொடுக்கிறார். டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு சில்லுக்கட்டையைச் சொருகுகிறார். முன்முனை ஆறு அங்குலம் தூக்கி நிற்கிறது.

“தம்பி, ஒம்போது லிட்டர் தண்ணி அளந்து ஊத்து.”

என்ஜின் ஓடும்போது கொஞ்சம் எண்ணெய் மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். அது போகச் சேம்பரில் மிச்சம் இருப்பது ஏறக்குறைய இந்த அளவுதான். பையன் ஊற்றுகிறான். தண்ணீர் முன்பக்கம் தங்காமல் பின்பக்கம் ஓடுகிறது. ஆழமில்லாத பின்முனையில் மூன்று அங்குலம் ஏறி விளிம்பை நெருங்குகிறது. முன்முனையில், குழாய் வாய் வைக்க வேண்டிய இடத்தில், தகடு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படகுக்காரர் குனிந்து பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் படகு டிரைவரும் பார்க்கிறார்.

“போட்டுல இப்படித்தாண்ணே நிக்கும். காத்தைக் குடிச்சுக்கிட்டு என்ஜின் எம்புட்டு நேரம் ஓடும்?”

படகுக்காரர் பதில் சொல்லவில்லை. பழைய சேம்பரையே வைத்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். தண்ணீரைப் பார்த்த பிறகு, “புதுசே செஞ்சிடுங்க மேஸ்திரி” என்கிறார்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. கடுவையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளில்தான் படகுகளைக் கரையேற்ற முடியும், பலகை மாற்ற முடியும், என்ஜினை இறக்கிப் பிரிக்க முடியும். கடலுக்குப் போகாதவர்களின் கைகள் எல்லாம் கரையில் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் கிரைண்டர் சத்தம், ஒரு பக்கம் உளிச் சத்தம், சிவப்புப் பிரைமர் வாடை. கெடு முடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் பட்டறை வாசலில் வரிசையாகக் கிடக்கின்றன.

படகுக்கென்றே செய்த என்ஜின்களும் விற்கின்றன. அசோக் லேலண்ட் போன்ற கம்பெனிகளே அவற்றைத் தருகின்றன. அவ்வளவு பணம் புரட்ட முடியாதவர்கள் பழைய லாரி என்ஜினை வாங்கிப் படகுக்கு மாற்றுகிறார்கள். இது இந்தக் கரைக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. ஃபோர்டு லாரி, டிராக்டர் என்ஜின்களை மாற்றியமைத்து அமெரிக்காவின் லேமன் கம்பெனி விற்ற படகு என்ஜின்கள் உலகெங்கும் பெயர் வாங்கியவை. டிராக்டரில் ஓடிய பெர்க்கின்ஸ் 4.236 என்ஜினும் அப்படித்தான் கடலுக்குப் போனது. எங்கே மாற்றினாலும் சேம்பரைப் பற்றி யோசிக்காமல் ஒருவரும் மாற்ற முடியாது.

காரணம் சாய்வு. என்ஜின் படகுக்குள் இருக்கிறது. விசிறி வெளியே தண்ணீருக்குள் சுழல வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் உள்ளிருந்து பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறது. அதே சரிவில்தான் என்ஜினும் உட்கார வேண்டும். லாரியும் சாய்வில் ஏறும்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவிட்டால் அதற்குச் சமதளம் வந்துவிடும். படகில் ஏறிய என்ஜினுக்கு அதன் ஆயுள் முழுவதும் சாய்வுதான்.

மேஸ்திரி படகுக்குள் இறங்குகிறார். டிரைவர் ஷாஃப்ட் துளை வழியாக ஒரு நைலான் நூலை விட்டு, என்ஜின் பெட்டுக்கு முன்னால் அடித்த ஆணி வரை இழுத்துக் கட்டுகிறார். நூல் விறைத்து நிற்கிறது. ரசமட்டத்தை ஒரு கட்டையின் மேல் வைத்து, கட்டையின் ஒரு முனையை நூலில் தொடவைக்கிறார் மேஸ்திரி. முனையிலிருந்து ஓர் அடி தள்ளித் தூக்குக்குண்டைப் பிடித்து, கட்டைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறார்.

“அடிக்கு ரெண்டு அங்குலம்.”

டிகிரிக் கணக்கில் ஒன்பதரை. மூன்றடிச் சேம்பரில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஆறு அங்குல வித்தியாசம். வாசலில் கட்டையை அடியில் கொடுத்தது இந்தக் கணக்கில்தான். முன்பு செய்த படகுகளின் அனுபவத்தில் உத்தேசமாகக் கொடுத்த அளவு, நூலில் சரியாக வந்து நிற்கிறது. இருந்தும் நூல் பிடித்துப் பார்க்காமல் அவர் தகட்டை வெட்டவில்லை.

“லோடோட அணியம் தூக்கி ஓடுறப்ப?” என்று டிரைவரிடம் கேட்கிறார்.

“இன்னும் கொஞ்சம் சாயும் மாமா. அலை ஏறுறப்ப அதுக்கும் மேல.”

“அப்ப அடிக்கு மூணு வச்சுக்குவோம்.”

நிற்கும் படகின் அளவை எடுத்துக்கொண்டு அலையில் ஏறும் படகுக்குச் செய்கிறார். இந்தப் பட்டறையில் நடப்பதன் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பிறகு கீழே கையை விட்டுத் துழாவுகிறார். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரம், குறுக்கே வங்குகள், அவற்றுக்கிடையே தேங்கி நிற்கும் உப்புத்தண்ணீர். என்ஜின் பின்னோக்கிச் சாய்வதால் பின்முனையில்தான் இடம் குறைவு. எண்ணெய் சேருவதும் பின்முனையில்தான். எங்கே ஆழம் வேண்டுமோ அங்கே ஆழத்துக்கு இடமில்லை. எட்டு அங்குலத்துக்கு மேல் போனால் சேம்பர் வங்கில் இடிக்கும், உப்புத்தண்ணீரில் ஊறும்.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் விழுகிறது. கீழே போக வழியில்லாவிட்டால் பக்கவாட்டில் போக வேண்டியதுதான். என்ஜின் பெட்டின் இரண்டு மரங்களுக்கும் நடுவே அகலம் தாராளமாக இருக்கிறது. பின்பக்கம் பதினைந்து அங்குல நீளத்துக்குச் சேம்பரைப் பதினாலு அங்குலமாக அகலப்படுத்துகிறார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குல இறக்கை. பின்சுவரில் எண்ணெய் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் கிராங்க் எண்ணெயில் அடித்து நுரை கிளப்பும். பின்னாலுள்ள ஆயில் சீலிலும் கசியும். படகு நிற்கும்போதுள்ள அடிக்கு இரண்டு அங்குலச் சாய்வில் முன்னோக்கிப் போகப்போக ஆழம் குறையும். பதினைந்து அங்குலம் தள்ளி மூன்று அங்குலம்தான் இருக்கும். சராசரி நாலேகால்.

பதினைந்தைப் பதினாலால் பெருக்கி, நாலேகாலால் பெருக்குகிறார். 892 கன அங்குலம். லிட்டருக்கு 61 கன அங்குலம் என்று வகுத்தால் பதினாலரை லிட்டர். பழைய சேம்பர் பிடித்தது பதினாலு.

“அடங்கிடுச்சு” என்கிறார். முகத்தில் தெரியும் நிம்மதி உண்மையானது.

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கிராங்க்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது நடுவிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தால். பம்ப் காற்றை இழுத்தால் பிரஷர் முள் துடிக்கும். எண்ணெயில் குமிழி கலந்தால் படலம் அறுபடும். உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறி பேரிங் உருகிக் கிராங்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாலையில் நடந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். கடலில் என்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு போகும். இலங்கையோடு 1974-இலும் 1976-இலும் போட்ட ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை இந்தக் கரையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. தண்ணீரில் கோடு தெரியாது. நின்றுபோன என்ஜினோடு அந்தப் பக்கம் ஒதுங்குகிறவர்கள் படும் பாடு இங்குள்ள வீடுகளுக்குப் புதிதல்ல.

வெட்டுகிறார்கள். சுவர்களுக்கு நாலு மில்லி தகடு, விளிம்புக்குப் பத்து மில்லி பட்டை. லாரிச் சேம்பரின் மெல்லிய அச்சுத்தகடு உப்புக்காற்றில் வெளியிலிருந்து அரித்து ஊசித் துளை விழும் என்பதால் இந்தக் கனம்.

மூலையில் விரிசல் விட்ட என்ஜின் பிளாக் ஒன்று கிடக்கிறது. இனி ஓடாது. மேஸ்திரி அதை எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறார். அதைக் கவிழ்த்து, புதிய விளிம்புப் பட்டையை அதன் மேல் வைத்து எல்லாப் போல்ட்டையும் முடுக்குகிறார்கள். வெல்டிங் சூட்டில் இரும்பு முறுக்கிக்கொள்ளும். பட்டை ஒரு நூல் வளைந்தாலும் பேக்கிங் உட்காராது, எண்ணெய் ஒழுகும். அதனால் என்ஜினோடு என்ஜினாகப் பூட்டி வைத்து வெல்டு செய்கிறார்கள். பையன் முதலில் அங்கங்கே பொட்டு வைக்கிறான். பிறகு இந்த மூலையில் இரண்டு அங்குலம், எதிர் மூலையில் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறான். ஒரே இடத்தில் ராடு முடியும்வரை இழுக்கும் ஆசை அவன் கையில் தெரிகிறது.

“ஆறட்டும்டா. அவசரப்பட்டா வாங்கிக்கும்.”

பையன் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறான்.

இறக்கை வைத்ததில் ஒரு சங்கடமும் சேர்ந்து வருகிறது. படகு முன்னும் பின்னும் ஆடுவதோடு பக்கவாட்டிலும் உருளும். அகலமான சேம்பரில் எண்ணெய் இந்த இறக்கைக்கும் அந்த இறக்கைக்கும் ஓடும். நடுவில் நிற்கும் குழாய் மறுபடியும் காற்றைக் குடிக்கும். அதற்காகக் குழாய்க்கு இரண்டு பக்கமும் தடுப்புத் தகடுகள் நிற்க வேண்டும். தகட்டின் அடிமூலைகளை மட்டும் வெட்டி வழி விடுகிறார். எண்ணெய் மெதுவாகக் கீழே வரலாம், ஒரேயடியாகப் பாய்ந்து போக முடியாது.

முன்பக்கத் தடுப்பு இன்னும் நுட்பமானது. அலையிலிருந்து இறங்கும்போது படகு தலைகுப்புறச் சாயும். எண்ணெய் முன்னோக்கி ஓடும். அங்கே ஒரு சின்னக் கதவு வைக்கிறார், கீலோடு. பின்னோக்கி வரும் எண்ணெய்க்குத் திறக்கும், முன்னோக்கிப் போக முயன்றால் சாத்திக்கொள்ளும். உள்ளங்கை அளவுத் தகடு. அதைத் திறந்து மூடிப் பார்க்கிறார். ஒரு பக்கம் உரசுகிறது. அரத்தால் ராவிவிட்டு மறுபடி திறந்து மூடுகிறார். விரல் பட்டாலே அசையும்வரை விடவில்லை. கீல் முள் கழன்று விழாமல் இரண்டு முனையையும் நசுக்கிவிடுகிறார். எண்ணெய்க்குள் மூழ்கப்போகிற இந்தக் கதவை இனி எவரும் பார்க்கப் போவதில்லை. அடுத்த முறை என்ஜினைப் பிரிப்பவர்தான் பார்க்க முடியும்.

உறிஞ்சு குழாய். பம்ப் என்ஜினின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய் பின்பக்கம் போய்விட்டதால் குழாயும் இரண்டடி நீள வேண்டும். நீளம் கூடும்போது உள்விட்டம் குறையக்கூடாது. குறைந்தால் குளிர்ந்த கெட்டி எண்ணெயைப் பம்ப் இழுக்கத் திணறும். பழைய குழாயை விட ஒரு சுற்றுப் பெரிய குழாயை எடுக்கிறார். இணைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் எண்ணெய்க்குப் பதில் காற்றுதான் வரும் என்பதால் அந்த வெல்டை மட்டும் அவரே செய்கிறார். நீண்ட குழாய் அதிர்வில் முறியாமல் இருக்க, நடுவில் ஒரு பிராக்கெட் கொடுத்து மெயின் பேரிங் மூடியின் போல்ட்டோடு பூட்டுகிறார்.

குழாய் வாயிலுள்ள சல்லடைக்கும் தரைத் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி? ஒட்டி நின்றால் உறிஞ்ச முடியாது. ரொம்ப உயர்ந்தால் எண்ணெய் இருந்தும் எட்டாது. பையன் ஆற்றோரத்திலிருந்து ஒரு பிடி களிமண் கொண்டுவருகிறான். சல்லடை வரும் இடத்தில் உருண்டையாக வைத்து, சேம்பரைப் பூட்டி, மறுபடி கழற்றுகிறார்கள். நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளக்கிறார் மேஸ்திரி. அரை அங்குலம் சரியாக இருக்கிறது. களிமண் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் டீசல் விட்டுக் கழுவச் சொல்கிறார்.

மாலையில் சோதனை. சேம்பரின் வெளிப்புற வெல்டு முழுவதும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிடுகிறார்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைக்கிறார்கள். தண்ணீர் புக முடியாத இடத்திலும் மண்ணெண்ணெய் புகும்.

காலையில் இடப்பக்க இறக்கை முடியும் மூலையில் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் கொத்தமல்லி விதை அளவுக்கு ஓர் ஈரப்பொட்டு. பையன் ராடை எடுக்கிறான். மேஸ்திரி தடுக்கிறார். மண்ணெண்ணெயை வடித்து, கழுவி, நன்றாக உலர்த்தி, அந்த இடத்தைக் கிரைண்டரால் அடிவரை தோண்டிய பிறகுதான் மறு வெல்டு. மேலே பூசி மூடினால் துளை அடியில் அப்படியே இருக்கும், அதிர்வில் ஒரு நாள் வாய் திறக்கும். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி ஓர் இரவு. தடைக்காலத்தில் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு. படகுக்காரர் முணுமுணுக்கவில்லை. அடுத்த நாள் சுண்ணாம்பு முழு வெள்ளையாக இருக்கிறது.

உள்பக்கச் சுத்தம் தனி வேலை. வெல்டில் தெறித்த மணிகளைச் சின்ன உளியால் ஒவ்வொன்றாகப் பெயர்க்கிறான் பையன். கம்பி பிரஷ், டீசல், காற்று. பனியன் வேஸ்ட்டை உள்ளே கொண்டுபோகவே மேஸ்திரி விடவில்லை. அதன் நூல் பிசிறு சல்லடையில் போய் அடைக்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டால் துடைக்கிறார்கள். உள்ளே பெயின்ட்டும் கிடையாது. சூடான எண்ணெயில் உரிந்து அதுவும் சல்லடைக்குத்தான் போகும். வெளியே மட்டும் ரெட் ஆக்சைடு, அதன் மேல் எபாக்சி.

லாரிச் சேம்பரில் அடியில் ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். புதிய சேம்பரில் அடியில் துளையே இல்லை. படகுக்குள் என்ஜினுக்கு அடியில் படுக்கவும் முடியாது, சட்டி வைக்கவும் முடியாது. போல்ட்டைத் திறந்தால் பழைய ஆயில் முழுவதும் படகின் அடியில் கொட்டும். அங்கிருந்து தண்ணீரோடு சேர்த்துக் கடலுக்கு இறைக்கப்படும். அதனால் உள்ளுக்குள் ஆழமான மூலை வரை ஒரு மெல்லிய குழாயை இறக்கி, அதன் மறுமுனையைச் சுவர் வழியாக மேலே கொண்டுவந்து வால்வு பூட்டியிருக்கிறார். கைப்பம்பு மாட்டி இழுத்தால் பழைய எண்ணெய் நேராகக் கேனுக்கு வரும். மீன் வாழும் தண்ணீரில் எண்ணெய் சேராமல் காக்கும் இந்த முழக் குழாய்க்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

என்ஜின் தயார். படகில் ஏற்றுவதற்கு முன் பட்டறையிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். செயின் பிளாக்கில் முன்பக்கத்தைத் தூக்கி, முதலில் அடிக்கு இரண்டு அங்குலச் சாய்வில் நிறுத்துகிறார்கள். டிப் ஸ்டிக்கில் லாரிக் காலத்துக் கோடுகள் இனிப் பொய் சொல்லும். மேஸ்திரி அவற்றை அரத்தால் அழிக்கிறார். பத்து லிட்டர் ஊற்றி, எண்ணெய் அடங்கும்வரை பொறுத்து, குச்சியை எடுத்து நனைந்த இடத்தில் ஒரு வெட்டு. இன்னும் நாலு லிட்டர் ஊற்றி இன்னொரு வெட்டு. கீழ்க்கோடு, மேல்கோடு. இந்தப் படகுக்கு, இந்தச் சாய்வுக்கு மட்டுமான கோடுகள்.

ஸ்டார்ட். பட்டறை அதிர்கிறது. முள் எழுந்து நாலு கிலோவில் நிற்கிறது. செயின் பிளாக் இன்னும் ஏறுகிறது, அடிக்கு மூன்று. முள் அசையவில்லை. இடது பக்கம் சாய்க்கிறார்கள், வலது பக்கம் சாய்க்கிறார்கள். டிரைவர் கண்ணை அந்த முள்ளிலிருந்து எடுக்கவில்லை. கடலில் இரவில் அவர் பார்க்கப்போகிற முள் அது.

மேஸ்திரி டிரைவரைக் கூப்பிடுகிறார். “அம்பது மணி நேரம் ஓடினதும் ஆயிலை மாத்து. ஃபில்டரை வெட்டிப் பிரிச்சுப் பாரு. மினுமினுன்னு தூள் தெரிஞ்சா கடலுக்குப் போகாத, நேரா இங்க வா.”

“சரி மாமா.”

சாக்பீஸ் படம் இன்னும் தரையில் இருக்கிறது. பதினைந்து, பதினாலு, நாலேகால், 892. அடுத்த வேலைக்காகப் பையன் தரையைப் பெருக்கும்போது அது போய்விடும். அந்தக் கணக்கு மேஸ்திரியின் தலையில் இருக்கும், பாதி பையனின் கையில் ஏறியிருக்கும். வேறெங்கும் இருக்காது. இதே நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு தடைக்காலத்தில் நோட்டோடு இங்கே வந்து நிற்க வேண்டும். நூல் பிடித்த சாய்வு, இறக்கையின் அகலம், கதவின் கீல், குச்சியில் விழுந்த கோடு எல்லாவற்றையும் படகுவாரியாக எழுதி வைக்க வேண்டும். மேஸ்திரிக்கு அதற்குரிய மரியாதையும் கூலியும் கொடுக்க வேண்டும். படகில் போகிறவர்களின் உயிர் இந்தக் கணக்கை நம்பி இருக்கிறது. பெருக்கித் தள்ளும் தரையில் மட்டும் அதை விட்டுவைக்கக் கூடாது.